பேய் மாளிகை வேண்டும், ஆனால் தூக்கிவாரிப்போடக் கூடாது: ஒளிந்த பொருள் கேம் சொல்லுங்களேன்

நெல்லைச்சாரல்:

எல்லோருக்கும் வணக்கம். கேட்பது எனக்காக இல்லை, என் அத்தைக்காக. என் கணவரின் அம்மா. பள்ளியில் தையல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். பேப்பரில் வரும் ஆறு வித்தியாசங்களை டீ ஆறுவதற்குள் வட்டம் போட்டு முடித்துவிடுவார். முழங்கால் ஆபரேஷன் முடிந்து நடமாட்டம் குறைந்திருந்தபோது, பொழுது போகட்டும் என்று என் பழைய லேப்டாப்பில் ஒளிந்த பொருளைத் தேடும் கேம் ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். அதோடு லேப்டாப் கைவிட்டுப் போனது.

இப்போது வெறும் தேடல் அவருக்குச் சலித்துவிட்டது. "இந்த வீட்டில் யார் இருந்தாங்க, ஏன் எல்லாத்தையும் போட்டுட்டுப் போனாங்கன்னு சொல்லவே மாட்டேங்குதே" என்கிறார். பாழடைந்த மாளிகை, சாபம், காணாமல் போன பெண் என்று கதை இருந்தால் நல்லது. ஆனால் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர், திரையில் திடீரென்று ஒரு முகம் வந்து கத்தினால் நாளைக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும். போனில் வரும் இலவச வகையும் வேண்டாம். நாலு காட்சி ஆடியதும் எனர்ஜி தீர்ந்தது, காத்திரு அல்லது காசு கொடு என்று நிற்கிறது. ஆங்கிலப் பட்டியலை அவரே படித்துக்கொள்வார், நீளமான டைரிப் பக்கம் வந்தால் நான் வாசித்துச் சொல்வேன்.

பூதக்கண்ணாடி:

சரியான ஆளுக்குத்தான் சரியான கேம் கேட்கிறீர்கள். இந்த வகையே உங்கள் அத்தை கேட்ட கேள்வியிலிருந்து வளர்ந்ததுதான்.

சியாட்டிலில் இருக்கும் பிக் ஃபிஷ் நிறுவனம் 2005-இல் மிஸ்டரி கேஸ் ஃபைல்ஸ் வரிசையின் முதல் கேமை வெளியிட்டது. பெயர் ஹண்ட்ஸ்வில். குப்பை நிறைந்த அறை, பக்கத்தில் பட்டியல், ஓடும் கடிகாரம், அவ்வளவுதான். கதை ஒப்புக்கு. 2006-இல் வந்த ரேவன்ஹர்ஸ்ட்தான் ஆட்டத்தை மாற்றியது. இங்கிலாந்தின் பிளாக்பூல் பக்கம் ஒரு மாளிகை. எம்மா ரேவன்ஹர்ஸ்ட் என்ற பெண்ணின் டைரிப் பக்கங்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். சார்ல்ஸ் டாலிமார் என்று ஒருவன் அவளைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்கிறான், அவள் மறுக்கிறாள். அதற்கு மேல் சொல்ல மாட்டேன், அத்தை என்னைத் தேடி வந்துவிடுவார். நீங்கள் டைரி வாசிக்க அத்தை பொருள் தேடுவது என்றால் இதைவிடப் பொருத்தமான கேம் எனக்குத் தோன்றவில்லை.

ஒரே சங்கடம், அதில் நேரக் கெடு உண்டு. கண்டபடி கிளிக் செய்தால் நேரத்தையும் பிடுங்கிக்கொள்வார்கள். அதனால் 2008-இல் வந்த ரிட்டர்ன் டு ரேவன்ஹர்ஸ்டிலிருந்து தொடங்கலாமா என்று நீங்கள் கேட்கக்கூடும். அதில் கடிகாரம் கிடையாது. அறை அறையாக நடக்கலாம், சாவி எடுக்கலாம், திரும்பி வந்து பூட்டைத் திறக்கலாம். இன்றைக்கு இந்த வகையில் வரும் கேம்கள் பெரும்பாலும் அந்த நடையில்தான் போகின்றன. ஆனாலும் கதை முதல் பாகத்தின் தொடர்ச்சி. எம்மா யாரென்று தெரியாமல் இரண்டாவதில் நுழைந்தால் பாதி சுவை போய்விடும். முதல் பாகத்தில் கெடு நெருக்கினால் மௌஸை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்தக் கேம்களில் பேய் காத்திருக்கும். அதுதான் எனக்குப் பிடித்த விஷயம். சுவருக்குப் பின்னால் யாரோ அழுகிறார்கள், மாடிப்படி கிறீச்சிடுகிறது. நாம் பாட்டுக்கு ஸ்பூனையும் சீட்டுக்கட்டு ராஜாவையும் தேடிக்கொண்டிருக்கலாம். டீ போட்டுக் குடித்துவிட்டு வந்தாலும் அழுகை அதே இடத்தில் நிற்கும். பயத்தின் வேகம் நம் கையில் இருக்கிறது. கடிகாரம் வந்தால் அந்தச் சுகம் போச்சு. அப்போது பயப்படுவது பேய்க்கு இல்லை, நொடிமுள்ளுக்கு.

ஒரு எச்சரிக்கை: அதே வரிசையில் 2011-இல் வந்த எஸ்கேப் ஃப்ரம் ரேவன்ஹர்ஸ்டை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். மனதைத் தொந்தரவு செய்யும் சமாச்சாரங்கள் அதில் அதிகம். ரசிகர்களே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்ட பாகம்.

சாமக்கோழி:

பூதக்கண்ணாடி சொல்வதில் பாதிக்குத்தான் தலையாட்டுவேன். கடிகாரம் இல்லாத பேய்க்கதை உப்பில்லாத கஞ்சி. எதுவும் உங்களைத் துரத்தவில்லை என்றால் மாளிகை எதற்கு, மளிகைக் கடையிலேயே தேடலாமே.

என் ஓட்டு அதே மிஸ்டரி கேஸ் ஃபைல்ஸ் வரிசையில் 2009-இல் வந்த டயர் குரோவுக்கு. பனி மூடிய ஊர், காணாமல் போன நான்கு மாணவர்கள், அவர்கள் விட்டுச்சென்ற வீடியோ டேப்கள். நிஜ நடிகர்களை வைத்து எடுத்த காட்சிகள், டேப் ஒவ்வொன்றாகக் கிடைக்கக் கிடைக்கக் கதை நகரும். படிக்க வேண்டிய பக்கம் குறைவு என்பதால் உங்களுக்கும் தொண்டை மிச்சம்.

பூதக்கண்ணாடி:

டயர் குரோவ் நல்ல கேம், மறுக்கவில்லை. ஆனால் அதிலும் கெடு வைத்து யாரும் உங்களைத் துரத்தவில்லையே கோழியாரே! அந்தக் குளிர் உங்களைப் பிடித்தது டேப்புக்கும் டேப்புக்கும் நடுவே நீங்கள் சும்மா நின்ற நேரத்தில்தான்.

நெல்லைச்சாரல், இன்னொரு வரிசையும் குறித்துக்கொள்ளுங்கள். போலந்தின் ஆர்ட்டிஃபெக்ஸ் முண்டி வெளியிட்ட எனிக்மாடிஸ். மூன்று பாகம். முதலாவது, த கோஸ்ட்ஸ் ஆஃப் மேப்பிள் கிரீக், அமெரிக்காவின் வெர்மான்டில் நடக்கிறது. காணாமல் போன ஒரு பெண்ணைத் தேடி வந்த துப்பறிவாளர் நீங்கள், ஆனால் நடந்தது நினைவில் இல்லை. சுவரில் ஒரு பலகை இருக்கும். கிடைத்த புகைப்படம், துண்டுச்சீட்டு எல்லாவற்றையும் அதில் ஒட்டி எதற்கும் எதற்கும் தொடர்பு என்று நீங்களே கோர்க்க வேண்டும். "ஏன் போட்டுட்டுப் போனாங்க" என்று கேட்கும் ஆளுக்கு அந்தப் பலகை பிடிக்கும்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். இந்த வகைக் கேம்களின் உலகத்தில் எந்தக் கதவுக்கும் சாதாரணச் சாவி கிடையாது. பாதி உடைந்த பதக்கம், அதன் மறுபாதி கிணற்றுக்குள், கிணற்று வாளிக்குக் கயிறு பரணில். ஒரு கயிற்றை அறுத்ததும் கத்தி மாயமாகிவிடும், அடுத்த கயிற்றுக்கு வேறு கத்தி தேட வேண்டும். தையல் டீச்சருக்குக் கோபம் வரும், இப்போதே சொல்லி வையுங்கள்.

கம்பி_சரிபார்ப்பவன்:

கதை பற்றி எனக்குத் தெரியாது, லேப்டாப் பற்றிச் சொல்கிறேன். எனிக்மாடிஸ் மூன்றும் ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் கிடைக்கும், அடிக்கடி தள்ளுபடியில் வரும். வாங்கிய 14 நாளுக்குள், விளையாடியது 2 மணி நேரத்துக்குள் இருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஆகவே முதலில் அதை ஓட்டிப் பாருங்கள். 2006 காலத்துக் கேம்கள் பழைய சதுர மானிட்டருக்குச் செய்தவை. அகலத் திரையில் படத்தை இழுத்துக் காட்டினால் பொருள்கள் எல்லாம் குண்டாகத் தெரியும். செட்டிங்கில் முழுத்திரையை அணைத்துவிட்டால் சரியாகும். அப்புறம் அக்கா, டச்பேடில் ஆட விடாதீர்கள், நூறு இருநூறு ரூபாயில் ஒரு மௌஸ் வாங்கிக் கொடுங்கள்.

திடுக்கிடும் பிரச்சினைக்கு எளிய வழி: தூக்கிவாரிப்போட வைப்பதில் முக்கால்வாசி வேலை சத்தத்துடையது. இசையை வைத்துக்கொண்டு மற்ற ஒலியைப் பாதிக்கும் கீழே இறக்குங்கள்.

நெல்லைச்சாரல்:

எல்லோருக்கும் நன்றி. மௌஸ் வாங்கியாயிற்று. மேப்பிள் கிரீக் நேற்று இரவு தொடங்கினோம். கஷ்ட நிலை மூன்றில் எளிதானதை நான் தேர்ந்தெடுத்தேன், தேட வேண்டிய இடங்கள் அதில் மினுமினுத்துக் காட்டிக்கொடுத்தன. அத்தை பார்த்துவிட்டு "யாரு இந்த ஜிகினா போட்டது, எடு" என்றார். நடுநிலைக்கு மாற்றினேன். கத்தி மாயமானபோது திட்டு விழுந்தது, கேமுக்கு இல்லை, எனக்கு.

முகம் எதுவும் பாயவில்லை. ஒரு சந்தேகம்: பொருள் இருக்கும் இடத்தைக் காட்டும் குறிப்பு பட்டனை அழுத்தினால் ஏதாவது கழிப்பார்களா? அவர் அதைத் தொடவே மாட்டேன் என்கிறார். ஒரே ஒரு பொருளுக்காக அரை மணி நேரமாகத் திரையை முறைத்துக்கொண்டிருக்கிறார், சாப்பிட வரவில்லை.

பூதக்கண்ணாடி:

எதையும் கழிக்க மாட்டார்கள். அழுத்தியதும் பட்டன் காலியாகி மெல்ல நிரம்பும், அந்த நேரம் மட்டும் காத்திருக்க வேண்டும். ஆனால் அவரிடம் அதைச் சொல்லாதீர்கள். ஓரங்களைப் பார்க்கச் சொல்லுங்கள், அதிலும் கதவு நிலையின் மரநிறத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும் நீளப் பொருள்களை. படம் வரைபவர்கள் குடை, அம்பு, புல்லாங்குழல் எல்லாவற்றையும் அங்கேதான் சொருகுவார்கள். எந்தப் பொருள் என்று சொன்னால் நானும் பார்க்கிறேன்.

நெல்லைச்சாரல்:

கிடைத்துவிட்டதாம். நிலையில்தான் இருந்தது. அடுத்த அறைக்குப் போய்விட்டார், சோறு இன்னும் தட்டில் இருக்கிறது.