அயர்லாந்திலிருந்து வலென்சியா: போனதும் வீடு வாங்கிவிடலாமா?

கார்க் கயல்:

வணக்கம். கார்க்கில் நர்ஸாக இருக்கிறேன், வந்து 12 ஆண்டு ஆகிறது. எனக்கு 2020-இல் ஐரிஷ் குடியுரிமை கிடைத்தது. பிள்ளைகள் இருவரும் இங்கே பிறந்தவர்கள், ஐரிஷ் பாஸ்போர்ட். கணவர் மட்டும் இன்னும் இந்தியப் பாஸ்போர்ட்தான்.

இதுவரை மூன்று முறை வாடகை வீடு மாறிவிட்டோம். ஒவ்வொரு முறையும் "வீட்டை விற்கப் போகிறேன், காலி பண்ணுங்கள்" என்றுதான் நோட்டீஸ் வந்தது. சொந்தமாக வாங்கலாம் என்று போனால், நாங்கள் ஒரு விலை சொல்ல, மறுநாளே யாரோ அதற்குமேல் 20,000 சொல்லிவிடுகிறார்கள். கணவர் தன் வேலையை ஸ்பெயினிலிருந்து பார்க்க அவருடைய கம்பெனி சம்மதித்துவிட்டது. அதனால் வலென்சியா போகிறோம்.

கையில் 75,000 யூரோ இருக்கிறது. வலென்சியா நகரத்தை ஒட்டிய பைபோர்த்தாவில் ஒரு தரைத்தள வீடு, மூன்று படுக்கையறை, 1,35,000. வீடியோவில்தான் பார்த்தோம், புதிதாகப் பெயின்ட் அடித்து அழகாக இருக்கிறது. அடுத்த வாரத்துக்குள் 10 சதவீதம் கட்டினால் எங்களுக்கென்று நிறுத்திவைப்பதாக ஏஜென்ட் சொல்கிறார். மகளுக்கு 8 வயது. இன்னொரு வாடகை வீடு என்றாலே அவளுக்கு அழுகை வந்துவிடுகிறது. கட்டிவிடலாமா?

அலிகாந்தே அம்பிகா:

கயல், அந்தப் பணத்தை இப்போது கட்டாதீர்கள் மா. நாங்களும் ஐரிஷ் பாஸ்போர்ட் குடும்பம்தான். 2022-இல் லிமெரிக்கிலிருந்து இங்கே வந்தோம், மறு வருடமே வீடு வாங்கினோம். நான் செய்த தவறைத்தான் நீங்கள் இப்போது செய்யப் போகிறீர்கள்.

அயர்லாந்தில் ஏஜென்டிடம் புக்கிங் டெபாசிட் கட்டினால், இரு தரப்பும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்வரை கேட்டால் திருப்பித் தந்துவிடுவார்கள். அந்த நினைப்பிலேயே இங்கும் கட்டினோம். இங்கே அந்த 10 சதவீதத்துக்கு 'அர்ராஸ்' என்று பெயர். பொதுவாக எழுதும் அர்ராஸ் ஒப்பந்தத்தில், வாங்குகிறவர் பின்வாங்கினால் மொத்தமும் போய்விடும். விற்கிறவர் பின்வாங்கினால் இரட்டிப்பாகத் தர வேண்டும்.

எங்கள் வீடு 1,80,000. அர்ராஸ் 18,000 கட்டியாயிற்று. அப்புறம் வங்கியின் மதிப்பீட்டாளர் வந்து பார்த்துவிட்டு 1,62,000 என்று எழுதினார். விலை, மதிப்பீடு இரண்டில் எது குறைவோ அதில் 80 சதவீதம்தான் கடன். 1,44,000 வரும் என்று இருந்தோம், 1,29,600-தான் வந்தது. துண்டு விழுந்தது 14,400. இதற்கு மேல், அலிகாந்தேவும் சேர்ந்த வலென்சியா தன்னாட்சிப் பகுதியின் வீடு வாங்கும் வரி (அப்போது 10 சதவீதம்), நோட்டரி, பதிவுச் செலவு. கடன் கிடைக்காவிட்டால் அர்ராஸ் திரும்ப வரும் என்று ஒரு வரி ஒப்பந்தத்தில் இருந்திருந்தால் விலகியிருக்கலாம். எங்களுக்கு வக்கீல் இல்லை, அந்த வரியும் இல்லை. லிமெரிக்கில் என்னோடு நைட் டூட்டி பார்த்த தோழி, தன் வீட்டுக்கென்று சேர்த்திருந்த பணத்திலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அதனால்தான் இந்த வீடு எங்களுடையது. அந்த இரண்டு வாரம் நான் சரியாகத் தூங்கவில்லை.

உங்கள் கணக்கில் இன்னொன்றும் இருக்கிறது. ஸ்பெயினில் குடியிருக்காதவர்களுக்கு வங்கிகள் பெரும்பாலும் 60, 70 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளும். வந்து குடியேறி, வருமானம் காட்டிய பிறகு கேட்டால் 80 வரை கிடைக்கும்.

நோட்டரி உங்கள் வக்கீல் அல்ல. உங்களுக்கென்று தனியாக ஒருவரை வையுங்கள். அவர் முதலில் 'நோட்டா சிம்ப்ளே' எடுப்பார். நம் ஊர் வில்லங்கச் சான்று போலத்தான்: யார் பெயரில் இருக்கிறது, அடமானம் உண்டா என்பதெல்லாம் தெரிந்துவிடும். குடியிருப்போர் சங்கத்துக்குப் பழைய பாக்கி இல்லை என்று சான்றிதழும் கேளுங்கள். நடப்பு ஆண்டும் அதற்கு முந்தைய மூன்று ஆண்டும் விற்றவர் பாக்கி வைத்திருந்தால், அதற்கு அந்த வீடே பொறுப்பு.

வாடகை ஒப்பந்தத்தை வைத்தே நகராட்சியில் முகவரி பதியலாம், பள்ளியில் இடம் கேட்க அது போதும். அதனால் ஓராண்டு வாடகைக்கு இருப்பதில் பிள்ளைகளுக்கு நஷ்டமில்லை. பாடம் ஸ்பானிஷோடு வலென்சிய மொழியிலும் நடக்கும். முதல் ஆறு மாதம் என் மகனுக்குக் கஷ்டமாக இருந்தது. இப்போது அவன்தான் எனக்குக் கடையில் மொழிபெயர்க்கிறான்.

துரியா சங்கர்:

அம்பிகா அக்கா பணத்தைப் பற்றிச் சொல்லிவிட்டார். நான் தண்ணீரைப் பற்றிச் சொல்கிறேன். பைபோர்த்தாவில் தரைத்தள வீடு ஏன் அந்த விலைக்குக் கிடைக்கிறது என்று ஏஜென்ட் சொன்னாரா? 2024 அக்டோபர் 29 அன்று பொயோ ஓடை பெருகி அந்த ஊருக்குள் பாய்ந்தது. வலென்சியா மாகாணத்தில் இருநூறு பேருக்கு மேல் இறந்தார்கள். மறுவாரம் மண்வெட்டியோடு அங்கே போனோம். தரைத்தள வீடுகளில் ஆள் உயரத்துக்குச் சேற்றுக் கோடு இருந்தது.

1957 வெள்ளத்துக்குப் பிறகு துரியா ஆற்றை நகரத்துக்குத் தெற்கே திருப்பிவிட்டார்கள், பழைய ஆற்றுப்படுகை இன்று பூங்கா. 2024-இல் நகரம் பெரும்பாலும் தப்பியது, தெற்கே இருந்த ஊர்கள் தாங்கின. அரசின் வெள்ள அபாய வரைபடம் இணையத்தில் இலவசமாக இருக்கிறது. வீட்டு முகவரியை அதில் போட்டுப் பாருங்கள். புதுப் பெயின்டை நம்பி வாங்காதீர்கள்.

முன்னாள் டப்ளின்வாசி:

கணவருக்கு வேலை விசா தேவைப்படாது, ஐரிஷ் குடிமகளின் கணவர் என்ற முறையில் குடியிருப்பு அட்டை கிடைக்கும். ஆனால் இந்தியப் பாஸ்போர்ட் என்பதால் ஸ்பெயினுக்குள் வர நுழைவு விசா வேண்டுமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். வந்து மூன்று மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். கல்யாணச் சான்றிதழில், வெளிநாட்டில் செல்லுபடியாவதற்கு அரசு தரும் 'அபோஸ்டில்' முத்திரை இருக்க வேண்டும். கம்பெனி வெறுமனே சம்மதித்தால் போதாது, ஸ்பெயினில் சமூகப் பாதுகாப்புச் சந்தா யார் கட்டுவார்கள் என்று எழுதி வாங்குங்கள்.

பலர் கவனிக்காத ஒன்று: நீங்கள் பிறப்பால் அல்ல, விண்ணப்பித்துக் குடியுரிமை பெற்றவர். அயர்லாந்துக்கு வெளியே தொடர்ந்து 7 ஆண்டு இருந்து, குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புவதாக ஆண்டுதோறும் பதியாமல் விட்டால், அதை ரத்து செய்யச் சட்டத்தில் இடமுண்டு. ஆண்டுக்கு ஒரு படிவம்தான். ஊரில் சொத்தோ டெபாசிட்டோ 50,000 யூரோவைத் தாண்டினால் ஸ்பானிஷ் வரித்துறையிடமும் 'மோதேலோ 720' படிவத்தில் அறிவிக்க வேண்டும்.

கார்க் கயல்:

அக்கா, அண்ணன்மாரே, மிக்க நன்றி. வரைபடத்தில் பார்த்தேன், அந்தத் தெரு முழுக்க வெள்ள அபாயப் பகுதிக்குள்தான் இருக்கிறது. ஏஜென்டிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வலென்சியா நகரத்துக்குள்ளேயே, பெனிமக்லெத் பகுதியில் மூன்றாவது மாடியில் ஒரு வாடகை வீடு பார்த்திருக்கிறோம். அறைச் சுவருக்கு என்ன நிறம் என்று மகளையே முடிவு செய்யச் சொன்னேன், மஞ்சள் என்றாள். வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டும்.

ஒரு சந்தேகம்: கல்யாணப் பதிவு நாகர்கோவிலில். அபோஸ்டிலுக்கு அப்பாவை அனுப்பினால் போதுமா?

முன்னாள் டப்ளின்வாசி:

போதும். முதலில் மாநில அரசின் சான்றொப்பம், அப்புறம் வெளியுறவு அமைச்சகத்தின் அபோஸ்டில். ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பை மட்டும் அங்கே செய்யாதீர்கள். இங்கே வந்து, அரசு அங்கீகரித்த மொழிபெயர்ப்பாளரிடம் முத்திரையோடு சேர்த்துச் செய்யுங்கள்.