டவர் சீட்டு வந்த அன்று: பார்த்தவர் காட்டினாரா, மறைத்தாரா?

மயிலாப்பூர் வாசகி:

மூன்று ஆண்டுகளாக மனதில் கிடக்கிறது. வேலையை விடலாமா என்று டாரோ சீட்டு பார்த்துக் கேட்கத்தான் போனேன். தெரிந்தவர் சொல்லி அனுப்பிய அம்மையார், அடையாற்றில் மாடி வீடு, மூன்று சீட்டு. முதல் இரண்டும் என்னவென்று இப்போது நினைவில்லை. மூன்றாவதைப் புரட்டியவர், புரட்டிய வேகத்திலேயே கட்டைவிரலை அதன் மேல் வைத்துவிட்டார். விரலுக்கு இந்தப் பக்கம் கறுப்பு வானம், அந்தப் பக்கம் தலைகீழாக விழுகிற ஒருவரின் கால்கள். அவ்வளவுதான் பார்த்தேன். "சீட்டு தவறி வந்துவிட்டது அம்மா, கணக்கில் எடுக்க வேண்டாம்" என்று கட்டுக்குள் செருகினார். கலைத்து வேறொன்றை எடுத்தார். சூரியன் வந்தது. எல்லாம் நன்றாக நடக்கும் என்றார்.

வேலையை விட்டேன். பெரிய நல்லதும் நடக்கவில்லை, கெட்டதும் நடக்கவில்லை. ஆனால் இன்றைக்கும் ஒரு முடிவு எடுக்கும்போதெல்லாம் அந்தக் கட்டைவிரல்தான் கண் முன்னால் வருகிறது. அது டவர், இடி விழுந்து இடியும் கோபுரம், 16ஆம் எண் சீட்டு என்று பிறகு நானே தேடித் தெரிந்துகொண்டேன். உங்களுக்கு வந்தபோது என்ன நடந்தது?

சிங்கப்பூர் அம்மா:

நான் காலையில் எனக்கு நானே ஒரு சீட்டு எடுப்பவள். அன்று டவர். மேசையிலேயே போட்டுவிட்டு அலுவலகம் போய்விட்டேன். பிற்பகல் மூன்று மணிக்குக் கணவர் அழைத்தார். அவருடைய பிரிவையே மூடிவிட்டார்கள், பொருள்களை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறார்.

என் மனதில் நிற்பது அந்த அழைப்பு அல்ல. இரவு நாங்கள் இருவரும் பேச்சில்லாமல் உட்கார்ந்திருக்க, ஆறு வயது மகள் அந்தச் சீட்டை எடுத்து மஞ்சள் தீத்துளிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் 10, மறுபக்கம் 12. எண்ணி முடித்துவிட்டு, சீட்டை அப்படியே தலைகீழாகத் திருப்பி அப்பாவின் முன்னால் வைத்தாள். "இப்படி வைத்தால் இவர்கள் விழவில்லை, நிற்கிறார்கள்" என்றாள். அவர் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகம் எனக்கு இன்னும் புரியவில்லை.

ஜெர்சி சிட்டி:

எனக்குப் பார்த்தவர் பக்கத்து வீட்டு இத்தாலியப் பாட்டி. அவரிடம் இருந்தது 15ஆம் நூற்றாண்டு மிலான் சீட்டுகளின் அச்சுப் பிரதி. விஸ்கொன்டி, ஸ்ஃபோர்சா பிரபுக்களுக்காகத் தங்கம் பூசிச் செய்த கட்டு. ஊரில் வீட்டை விற்கலாமா என்று கேட்டேன், டவர் வந்தது. பக்கத்தில் விரித்திருந்த மற்றச் சீட்டுகளில் தங்கம் தேய்ந்திருந்தது, மேல் ஓரத்தில் எப்போதோ ஆணி குத்திய துளைகூட அச்சில் தெரிந்தது. டவரில் மட்டும் துளை இல்லை, நிறம் புதிது. அவர் அதை விரலால் தட்டி, "இதன் மூலம் தொலைந்துவிட்டது, இது பிற்காலத்தில் யாரோ வரைந்து சேர்த்தது. பயந்து எரித்திருப்பார்கள்" என்றார். மறுவாரமே மன்ஹாட்டனில் உள்ள மார்கன் நூலகத்தைப் பற்றித் தேடினேன். அந்த மூலக் கட்டில் எஞ்சியிருப்பவை 74, அவற்றில் 35 அங்கே, 26 இத்தாலியின் பெர்காமோவில், 13 தனியார் வசம். டவர் எங்குமே இல்லை. வீட்டை நான் விற்கவில்லை. ஒரு இல்லாத சீட்டை நம்பி முடிவெடுத்தேனா என்று கேட்டால் பதில் இல்லை.

கோவை அக்கா:

ஒன்பது ஆண்டுகளாக மற்றவர்களுக்குச் சீட்டு பார்க்கிறேன். மயிலாப்பூர்த் தோழி, அந்த அம்மையார் செய்தது தவறு. வந்த சீட்டைத் திருப்பிச் செருகுவது, கேட்க வந்தவரின் கேள்வியையே பிடுங்கிக்கொள்வதற்குச் சமம். நானும் ஒருமுறை வேறு வழியில் அதே தவற்றைச் செய்திருக்கிறேன். தொழில் கூட்டாளியைப் பற்றிக் கேட்ட பெண்ணுக்கு டவர் வந்தபோது "சிறிய மாற்றம்" என்று மழுப்பினேன். ஆறு மாதம் கழித்து வந்து, "அன்றே சொல்லியிருந்தால் கணக்குப் புத்தகத்தையாவது புரட்டியிருப்பேனே அக்கா" என்றாள். அவள் கோபப்படவில்லை. அதுதான் உறுத்துகிறது.

ஜெர்சி நண்பரே, பயந்து எரித்தார்கள் என்பதை நான் ஏற்கமாட்டேன். அந்தக் கட்டில் டவரோடு 'சாத்தான்', 'வாள் மூன்று', 'நாணயக் குதிரைவீரன்' ஆகிய சீட்டுகளும் இல்லை. நாணயக் குதிரைவீரனைப் பார்த்து யார் பயப்படுவார்கள்? ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கை மாறிய காகிதம் தொலையத்தான் செய்யும்.

சிங்கப்பூர்த் தங்கையே, மகளின் கண் கூர்மையானது. ஆனால் தலைகீழ் டவரை ஆறுதலாக மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்து 1909இல் லண்டனில் வெளிவந்த கட்டுக்கு, அதை வரையச் சொன்ன வெய்ட் 1911இல் எழுதிய விளக்கத்தில், நேராக வந்தால் துயரம், வறுமை, அவமானம், வஞ்சனை, எதிர்பாராத பேரிடர். தலைகீழாக வந்தால் அதுவே கொஞ்சம் குறைந்த அளவில், கூடவே ஒடுக்குமுறையும் சிறையும். இடி விழவில்லை என்றால் உள்ளே இருப்பவர்கள் உள்ளேயேதான் இருக்கிறார்கள் என்று நான் படிப்பேன்.

பொதுவாகவும் சொல்லிவிடுகிறேன். டவர் எந்த இடத்தில் விழுந்தது என்று முதலில் பாருங்கள். கடந்த காலத்தின் இடத்தில் வந்தால் இடிந்தது ஏற்கெனவே இடிந்துவிட்டது. வரிசையில் அதற்கு முன்னால் 15இல் சாத்தான் சங்கிலியோடு நிற்கிறான், பின்னால் 17இல் நட்சத்திரம். நடுவில் இருப்பதைத் தனியாகப் பிய்த்துப் படிக்காதீர்கள். அன்றே இன்னொரு சீட்டு எடுக்காதீர்கள். நோயைப் பற்றிச் சீட்டிடம் கேட்காதீர்கள், மருத்துவரிடம் போங்கள். கேள்வியையும் தேதியையும் ஒரு நோட்டில் எழுதி மூன்று மாதம் கழித்துப் படியுங்கள். டவர் வந்துவிட்டது, பரிகாரத்துக்கு இவ்வளவு ஆகும் என்று ஒருவர் சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள்.

தஞ்சைத் தம்பி:

அக்கா, லண்டனில் 1911இல் ஒருவர் எழுதியதுதான் முடிந்த முடிவா? பிரெஞ்சு மார்செய் சீட்டுகளில் இதே படத்துக்கு 'மெசோன் தியூ' என்று பெயர், இறைவனின் இல்லம். பெயரிலேயே சாமி இருக்கும்போது அழிவு என்று மட்டும் எப்படிப் படிப்பது?

இது எனக்குத் தெரிவதற்கு முன்பே அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. கும்பகோணத்து வீட்டைப் பங்கு பிரிக்கும் பேச்சு நடந்த நாள்கள். அடுக்களைத் திண்ணையில் சீட்டுகளைப் பரப்பி வைத்திருந்தேன். சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா ஈரக் கையோடு டவரை எடுத்தார். உச்சியிலிருந்து கழன்று விழும் கிரீடம் அவர் கண்ணுக்குக் கலசமாகத் தெரிந்திருக்கிறது. "கோபுரத்தில் கலசம் விழுகிறதே, பாலாலயம் செய்துவிட்டார்களா?" என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. "கோபுரத்தில் கை வைப்பதற்கு முன்னால் சாமியைச் சின்ன இடத்துக்கு மாற்றி வைப்பார்கள் அல்லவா? உள்ளே யாரும் இல்லை என்றால் இடிந்தால் இடியட்டும். கட்டிக் குடமுழுக்குச் செய்துகொள்ளலாம்." சொல்லிவிட்டு வெங்காயத்துக்குத் திரும்பிவிட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை, பூஜை அறைப் படங்களையும் தாத்தாவின் தாமிரச் சொம்பையும் பழைய புடவையில் சுற்றி எடுத்துக்கொண்டு தஞ்சாவூரில் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். பங்கு பிரித்தது அதற்கு நான்கு மாதம் கழித்து. அண்ணன்கள் கத்தினார்கள். அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. சீட்டில் அவருடைய ஈர விரல் பட்ட இடம் இன்னும் உப்பியிருக்கிறது, கோபுரத்தின் அடிவாரத்தில்.

மயிலாப்பூர் வாசகி:

கோவை அக்கா, நீங்கள் சொன்னதையெல்லாம் குறித்துக்கொண்டேன். தம்பி, அந்தச் சீட்டைப் படம் எடுத்து இங்கே போட முடியுமா? எதுவும் மறைக்காமல், முழுதாக.