குளிர்காலத்தில் குடும்பத்துடன் மலைப் பயணம்: அதிகாலையில் புறப்படுவது சரியா?

கேள்வி

வணக்கம். அடுத்த மாதம் மனைவி, 4 வயது மகன், 68 வயதான அம்மா ஆகியோருடன் காரில் மலைக்குச் செல்லவிருக்கிறோம். அடிவாரம் 400 மீட்டர் உயரத்திலும், நாங்கள் தங்கப்போகும் இடம் 2,800 மீட்டர் உயரத்திலும் உள்ளன. சமவெளியில் 15 ஆண்டுகளாக ஓட்டுகிறேன். ஆனால் பனி படிந்த சாலையில் ஓட்டிய அனுபவம் இல்லை. நெரிசலுக்கு முன் அதிகாலை 3 மணிக்குக் கிளம்பினால், விடியும்போது மலையேறத் தொடங்கி 10 மணிக்குள் சேர்ந்துவிடலாம் என்று நினைக்கிறேன். மகனுக்கு நீண்ட பயணங்களில் வாந்தி வருவதுண்டு. அம்மா ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். இந்தத் திட்டத்தில் எதை மாற்ற வேண்டும்?

முதல் பதில்

நேரத்தைத்தான் முதலில் மாற்ற வேண்டும். சமவெளியில் அதிகாலைப் பயணம் நல்ல பழக்கம். குளிர்கால மலையில் சாலை மிக மோசமாக இருப்பது அந்த நேரத்தில்தான். 1,000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 டிகிரி குறையும். அடிவாரத்தில் 12 டிகிரி இருந்தாலும், 2,400 மீட்டர் ஏறி முடிக்கும்போது பூஜ்ஜியத்துக்குக் கீழே போயிருக்கும். முந்தைய நாள் உருகி ஓடிய நீர் இரவில் உறைந்து, வெயில் படும்வரை அப்படியே கிடக்கும்.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். காலை 8 மணி, வானம் தெளிவு. மரநிழல் விழுந்த வளைவு ஒன்றில் சாலை சற்று ஈரமாக இருப்பதாகத்தான் தோன்றியது. திடீரென்று டயரின் இரைச்சல் நின்றுபோனது. ஸ்டியரிங் கையில் எடையே இல்லாததுபோல் லேசானது. பிரேக்கைத் தொடாமல் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்திருந்ததால் வண்டி தானாகவே பிடிமானத்துக்குத் திரும்பியது. பதறி பிரேக்கை அழுத்தியிருந்தால் பள்ளத்தின் பக்கம்தான் போயிருப்போம். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பனிக்கட்டி, நிழல் வளைவுகளிலும் பாலங்களிலும்தான் முதலில் உருவாகும். பாலத்துக்கு அடியிலும் குளிர்காற்று வீசுவதே காரணம்.

ஆகவே காலை 10 மணிக்குப் பிறகு மலையேறத் தொடங்கி, பொழுது சாய்வதற்குள் சேர்ந்துவிடுங்கள். 7 டிகிரிக்குக் கீழே சாதாரண டயரின் ரப்பர் இறுகிப் பிடிமானத்தை இழக்கும் என்பதால், பனி விழும் சாலை என்றால் குளிர்கால டயரோ, டயரைச் சுற்றி மாட்டும் சங்கிலியோ கட்டாயம். சங்கிலியைப் பூட்டுவதை வீட்டு வாசலிலேயே ஒருமுறை பழகிக்கொள்ளுங்கள். இறங்கும்போது பிரேக்கை விடாமல் அழுத்தினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். இரண்டாவது கியரில் எஞ்சினே வண்டியின் வேகத்தைக் கட்டுப்படுத்தட்டும்.

இரண்டாவது பதில்

இரண்டு பிள்ளைகளுடன் இப்படிப் பலமுறை சென்றிருக்கிறேன். உங்கள் மகனுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். குளிர் என்று தடித்த ஜாக்கெட்டோடு குழந்தையை இருக்கையில் உட்காரவைத்துப் பட்டையைப் பூட்டாதீர்கள். பட்டை இறுக்கமாக இருப்பதுபோல் தெரியும். ஆனால் மோதலில் ஜாக்கெட்டின் பஞ்சு அமுங்கி, பட்டை தொளதொளவென்று ஆகிவிடும். ஜாக்கெட்டோடு பூட்டிப் பாருங்கள். பிறகு பட்டையின் நீளத்தை மாற்றாமல் ஜாக்கெட்டை மட்டும் கழற்றிவிட்டு மீண்டும் பூட்டிப் பாருங்கள். அந்த இடைவெளியில் என் முழுக் கையும் நுழைந்ததைக் கண்ட அன்றே அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டேன். மெல்லிய உடையில் பூட்டிவிட்டு, மேலே போர்வையைப் போர்த்தினால் போதும்.

வாந்திக்கு, வளைவுகள் தொடங்கியதும் கைப்பேசியையும் படப்புத்தகத்தையும் வாங்கி வைத்துவிட்டு, தூரத்தில் தெரியும் மலையைப் பார்க்கச் சொல்லுங்கள். மாத்திரை கொடுப்பதானால் குழந்தை மருத்துவரிடம் அளவு கேட்டு, புறப்படுவதற்கு முன்பே கொடுக்க வேண்டும்.

பனியில் வண்டி சிக்கி நின்றுவிட்டால் ஹீட்டருக்காக எஞ்சினை ஓட்டிக்கொண்டே இருப்பது ஆபத்து. சைலன்சர் குழாயைப் பனி மூடினால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். அதற்கு மணமே கிடையாது. முதலில் இறங்கிக் குழாயைச் சுற்றியுள்ள பனியை அகற்றுங்கள். பிறகு சிறிது சிறிது நேரமாக ஓட்டி, ஒரு கண்ணாடியைச் சற்றே இறக்கி வையுங்கள்.

மூன்றாவது பதில்

சாலையைப் பற்றி மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். எனக்கு உங்கள் அம்மாவைப் பற்றித்தான் கவலை. தாழ்வான இடத்திலிருந்து கிளம்பி, அன்றிரவே 2,750 மீட்டருக்கு மேல் தூங்குவதைத் தவிர்ப்பது நல்லது என்பதே பொதுவான மருத்துவ அறிவுரை. நடுவே 1,800 அல்லது 2,000 மீட்டரில் ஓர் இரவு தங்குங்கள். ரத்த அழுத்த மாத்திரை குறித்து அவருடைய மருத்துவரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். தலைவலியுடன் குமட்டலும் சோர்வும் வந்தால் அதைப் பயணக் களைப்பு என்று ஒதுக்காமல், உயரத்தால் வரும் கோளாறாகக் கருதி, மேற்கொண்டு ஏறாமல் நிற்க வேண்டும். நடை தடுமாறினாலோ, சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, இரவென்றும் பாராமல் கீழே இறக்கிவிட வேண்டும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நடுவழியில் 1,900 மீட்டரில் ஓர் ஊர் இருக்கிறது. முதல் இரவு அங்கே தங்கி, மறுநாள் வெயில் ஏறிய பிறகு கிளம்புவதாக முடிவு செய்திருக்கிறோம். இன்று மாலை மகனை இருக்கையில் உட்காரவைத்து அந்தப் பட்டைச் சோதனையைச் செய்து பார்த்தேன். என் நான்கு விரல்களும் தாராளமாக நுழைந்தன. அம்மாவுக்கு வரும் திங்கட்கிழமை மருத்துவரைப் பார்க்க நேரம் வாங்கியாயிற்று.