தெருமுனை தண்ணீர்ப் பானை: டம்ளருக்கு என்ன வழி?

வணக்கம். மயிலாப்பூரில் எங்கள் தெருமுனையில் கத்திரி வெயிலுக்காகக் குழாய் வைத்த மண்பானை இருக்கிறது. அடியில் ஈர மணல், வாயில் வெள்ளைத் துணி. பெயின்ட் அடிக்கவில்லை, அடித்தால் துளைகள் அடைபட்டுத் தண்ணீர் குளிராது. சோப்பையும் மண் உறிஞ்சிவிடும் என்பதால் பானையைக் கழுவத் தேங்காய் நார்தான்.

சிக்கல் டம்ளரில். சங்கிலி போட்டாலும் பற்றவைத்த இடத்தில் முறுக்கிப் பிய்த்துக்கொண்டு போகிறார்கள். சிலர் குழாயடியிலேயே வெற்றிலை துப்புகிறார்கள் ("துப்பாதீர்" பலகைக்குக் கீழேதான்!). பூ விற்கும் அம்மாவோ யாரும் சொல்லாமலே மூடியைத் துடைத்து வைக்கிறார்.

டம்ளரே இல்லாமல், கையேந்திக் குடிக்கவும் பாட்டிலில் பிடிக்கவும் வசதியாகக் குழாயை எவ்வளவு உயரத்தில் வைக்கலாம்? சிந்தும் தண்ணீர் தேங்கினால் கொசு வருமே, அதற்கு ஜல்லி போதுமா? பந்தல் நடத்தியவர்கள் சொல்லுங்களேன்.