குச்சிக்கிழங்கு (மரவள்ளி) போட்டும் கையில் காசு நிற்கவில்லை, பயிரை மாற்றலாமா?

தலைவாசல் விவசாயி:
வணக்கம்ங்க. நாலு ஏக்கர், கிணற்றுப் பாசனம், சொட்டுநீர் இருக்கிறது. இரண்டரை ஏக்கர் குச்சிக்கிழங்கு, மீதி மக்காச்சோளம். போன வெட்டில் ஏக்கருக்கு 9 டன், ஜவ்வரிசி மில்லில் பார்த்த மாவு பாயிண்ட் 25, டன்னுக்கு ஒரு பாயிண்டுக்கு 250 ரூபாய் போட்டார்கள். வெட்டுக்கூலி, வண்டி வாடகை உட்பட ஏக்கர் செலவு 38,000. வெளியில் 3 வட்டிக்கு (நூற்றுக்கு மாதம் 3 ரூபாய்) ஒன்றரை லட்சம் கடன். வீட்டில் 5 பவுன் இருக்கிறது. கிழங்கை விட்டுவிடலாமா?

வாழப்பாடிக்காரன்:
அவசரப்படாதீங்க. 22.5 டன், டன் 6,250 என்றால் வரவு 1,40,625. செலவு 95,000. மிச்சம் 45,000 சொச்சம். உங்கள் வட்டி மாதம் 4,500, கிழங்கு மண்ணில் கிடக்கும் பத்து மாதத்துக்கு 45,000. காடு சம்பாதித்தது முழுக்க வட்டிக்கே போயிருக்கிறது. இந்தக் கடன் இருக்கும் வரை மஞ்சள் போட்டாலும் பருத்தி போட்டாலும் இதே கதிதான்.

நகையை பேங்கில் வைத்து அந்தக் கடனை முதலில் முடியுங்கள். ஆண்டுக்கு 10 சதவீதம் என்று வைத்தாலும் மாதம் 1,250தான். பணம் கொடுக்கிற அன்றே புரோநோட்டைத் திரும்ப வாங்கிவிடுங்கள், "அப்புறம் தர்றேன்" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்த நடவுக்குக் கூட்டுறவு சங்கத்தில் பயிர்க்கடன் கேளுங்கள். கெடுவுக்குள் கட்டினால் வட்டி கிடையாது. நிலத்துக்கான சிட்டா, பயிருக்கான அடங்கல் கேட்பார்கள். அடங்கலில் மரவள்ளி என்று ஏறியிருக்கிறதா என்று முன்னாடியே பாருங்கள். பழைய பயிரே நின்றால் கடனிலும் சிக்கல், பயிர்க் காப்பீட்டிலும் சிக்கல். வெட்டு தள்ளிப்போய் கெடு தாண்டினால் வட்டி ஏறிவிடும், அதனால் கெடு தேதியை வைத்து நடவு மாதத்தை முடிவு செய்யுங்கள்.

ஏத்தாப்பூர் பக்கம்:
கடன் விஷயத்தில் வாழப்பாடி அண்ணன் சொன்னது சரி. நான் பாயிண்டைப் பற்றிச் சொல்கிறேன். 25க்குப் பதில் 28 வந்தால் டன்னுக்கு 750 ரூபாய் கூடும், உங்கள் 22.5 டன்னுக்கு 16,875. செலவு பெரிதாகக் கூடாமல் வருகிற பணம் இது.

மாவு ஏறுவதற்கு முக்கியம் பொட்டாஷ். நிறையப் பேர் யூரியாவைக் கொட்டிவிட்டு பொட்டாஷைக் குறைத்துவிடுகிறார்கள். இலை கருகருவென்று வரும், கிழங்கில் மாவு இருக்காது. பாசனக் கிழங்குக்கு அடியுரத்தில் ஏக்கருக்கு 80 கிலோ பொட்டாஷ், 90ஆம் நாள் 40 கிலோ யூரியாவோடு இன்னொரு 80 கிலோ. மண் பரிசோதனை செய்திருந்தால் அதன்படி கூட்டிக் குறையுங்கள். சுண்ணாம்பு மண்ணில் கொழுந்து இலை மஞ்சளாக வெளுத்தால் அது இரும்புச்சத்துக் குறை, லிட்டருக்கு 10 கிராம் அன்னபேதி உப்பு கரைத்து சாயங்காலம் தெளியுங்கள்.

வெட்டுக்கு முன் தண்ணீரை நிறுத்துங்கள். மழை பெய்து புதுத்தளிர் விட்டால் கிழங்கில் இருக்கிற மாவு தளிருக்குப் போய்விடும், அந்த நேரம் வெட்டினால் பாயிண்ட் இறங்கும். வெட்டிய கிழங்கு மறுநாளே மில்லுக்குப் போக வேண்டும், இரண்டு நாள் காட்டில் கிடந்தால் உள்ளே நீலக்கோடு ஓடிவிடும். வண்டி உறுதியான பிறகு ஆளைக் கூப்பிடுங்கள்.

நடவுக் குச்சியை மாவுப்பூச்சி, தேமல் நோய் இல்லாத காட்டில் எடுங்கள். பூச்சி பெரும்பாலும் குச்சியோடுதான் வருகிறது. 2022இல் இங்கே ஏத்தாப்பூரில் விட்ட அனகைரஸ் லோபெசி ஒட்டுண்ணிக் குளவி மாவுப்பூச்சியை அடக்குகிறது. கண்டபடி மருந்தடித்தால் முதலில் சாவது அந்தக் குளவிதான்.

தலைவாசல் விவசாயி:
ரொம்ப நன்றிங்க. ஊடுபயிராகச் சின்ன வெங்காயம் போடலாம் என்கிறார்கள். நடுவில் கைச்செலவுக்கு ஆகுமா?

ஏத்தாப்பூர் பக்கம்:
வெங்காயம் நல்ல பயிர்தான், ஆனால் விதைக்காய்க்கு முன்பணம் நிறையப் போகும். விலை விழுந்தால் மறுபடி 3 வட்டிதான். இந்த வருஷம் உளுந்து போடுங்கள். மூன்றுக்கு மூன்று அடி கிழங்கு வரிசைக்கு நடுவில் ஒரே ஒரு வரிசை. 70 நாளுக்குள் பிடுங்கிவிட வேண்டும், அதற்குமேல் கிழங்கு நிழல் கட்டிவிடும், 90ஆம் நாள் உரம் வைக்கவும் இடைஞ்சல்.

வாழப்பாடிக்காரன்:
ஒன்று விட்டுப்போச்சு. புரோக்கரிடம் அட்வான்ஸ் வாங்கியிருந்தால் வேறு மில்லுக்குக் கொண்டுபோக முடியாது, அவர் சொல்வதுதான் பாயிண்ட். இந்த முறை வாங்காதீர்கள். இரண்டு மில்லில் நாலைந்து செடிக் கிழங்கைக் கொடுத்து பாயிண்ட் பார்த்துவிட்டு வெட்டுங்கள்.