'வால்வுத் தளர்வு' வேண்டாம், 'விடுவெளி' ஆகட்டும்

நண்பர்களுக்கு வணக்கம்.

எஞ்சினில் வால்வைத் திறக்கும் கேமுக்கும் அது அழுத்தும் டேப்பட்டுக்கும் நடுவே விடப்படும் மெல்லிய இடைவெளியான டேப்பட் கிளியரன்ஸ் என்பதற்குத் தமிழில் 'வால்வுத் தளர்வு' என்ற சொல் முன்வைக்கப்பட்டு, பலரது ஆதரவையும் பெற்றிருக்கிறது. சொல் எளியதுதான். ஆனால் பணிமனைக் கையேட்டில் அது இடம்பெற்றால், வேலை செய்பவரைத் தவறான பக்கம் திருப்பிவிடும் என்பது என் கருத்து. 1948-இல் எக்ஸ்கே 120 காருடன் அறிமுகமாகி, 1961-இல் இ-டைப்பிலும் பொருத்தப்பட்ட ஜாகுவாரின் ஆறு சிலிண்டர் எஞ்சினை வைத்தே இதை விளக்குகிறேன்.

இந்த எஞ்சினில் கேமுக்கும் வால்வுக்கும் நடுவில் ராக்கர் என்னும் நெம்புகோல் கிடையாது. சிலிண்டர் ஹெட்டின் மேல் கேம் எனும் புடைப்புகளைத் தாங்கிய இரண்டு கேம் ஷாஃப்டுகள் சுழல்கின்றன. ஒவ்வொரு கேமும் கவிழ்த்த கிண்ணம் போன்ற டேப்பட்டை நேரடியாக அழுத்த, அதனுள்ளே வால்வுத் தண்டின் நுனியில் அமர்ந்திருக்கும் ஷிம் என்னும் சிறு வட்டத் தகட்டின் வழியாக வால்வு திறக்கிறது. கேமின் மூக்கு, அதாவது புடைத்த முனை, டேப்பட்டுக்கு எதிர்ப்புறம் திரும்பி நிற்கும்போது ஃபீலர் கேஜ் என்னும் அளவுத் தகட்டைச் செருகி அளக்கிறோம். 3.8 லிட்டர் இ-டைப்புக்கு, எஞ்சின் குளிர்ந்திருக்கையில், இன்லெட் (உள்ளிழுக்கும்) வால்வுக்கு 0.004 அங்குலமும் எக்ஸாஸ்ட் (வெளியேற்றும்) வால்வுக்கு 0.006 அங்குலமும் இருக்க வேண்டும். எக்ஸாஸ்ட் வால்வு கூடுதலாகச் சூடேறி நீள்வதால் அதற்குச் சற்று அதிகம்.

'தளர்வு' என்றதும் நம் மனம் தேய்மானத்தால் வந்த குறையையும், அதை இறுக்கித் தீர்ப்பதையுமே நினைக்கும். இங்கே நடப்பதோ பெரும்பாலும் அதற்கு நேர்மாறு. வால்வும், மூடும்போது அது படியும் இருக்கையும் தேயத் தேய, வால்வு மேலேறித் தண்டு கேமை நெருங்குவதால், அளவு குறைந்துகொண்டே வருகிறது. அது முற்றிலும் இல்லாமல் போனால் வால்வு இருக்கையில் முழுதாகப் படியாது. படியாத எக்ஸாஸ்ட் வால்வு தன் வெப்பத்தை இருக்கைக்குக் கடத்த வழியின்றி விளிம்பு கருகிவிடும். 'தளர்வைச் சரிசெய்க' என்று படித்துவிட்டு ஒருவர், இடைவெளியை இன்னும் குறைத்துவிடும் தடித்த ஷிம்மைத் தேடிப்போனால் அவரைக் குறைசொல்ல முடியாது.

'வால்வு இடைவெளி' போதாதா என்றால், திறந்த வால்வுக்கும் இருக்கைக்கும் நடுவில் இருப்பதும் இடைவெளிதான். இரண்டையும் ஒரே பத்தியில் பேச வேண்டியிருக்கும். ஆகவே 'விடுவெளி' என்பதைப் பரிந்துரைக்கிறேன். வேண்டுமென்றே விடப்படும் வெளி என்ற பொருள் சொல்லிலேயே இருக்கிறது; 'குளிர்நிலை விடுவெளி' என்று அடைமொழியும் இயல்பாக ஒட்டுகிறது. கவிதைச் சொல் போல ஒலிக்கிறது என்ற முணுமுணுப்பு வரும், பழகினால் போய்விடும்.

கையேட்டு நடையில் பொருத்திப் பாருங்கள்: "எக்ஸாஸ்ட் விடுவெளி 0.006-க்குப் பதிலாக 0.003 இருந்தால், கேம் ஷாஃப்டைக் கழற்றி, டேப்பட்டை உருவி, ஷிம்மின் தடிமனைக் குறிக்கும் எழுத்தைப் படிக்கவும். 'ஏ' 0.085 அங்குலம்; அங்கிருந்து எழுத்துக்கு 0.001 கூடி, 'இசட்' 0.110. இருப்பது 'எம்' என்றால் 'ஜே' போடவும்." எழுத்து அழிந்திருந்தால் மைக்ரோமீட்டர்தான் துணை.

வால்வுகள் எப்போது திறந்து மூட வேண்டும் என்பதைக் குறிக்கும் கேம் டைமிங்குக்கு வந்த 'வால்வு நேரம்' என்பதையும் ஏற்கத் தயங்குகிறேன். அது நொடியில் அளக்கப்படுவதில்லை. பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்ட் திரும்பும் பாகையில் அளக்கப்படுகிறது. 'வால்வு இசைவு' எனலாம். ஜாகுவாரில் சிலிண்டர்களைப் பின்னாலிருந்து எண்ணுவதால் முன்னால் இருப்பது ஆறாவது. கேம் ஷாஃப்டுகளைச் சுழற்றும் மேல் செயினின் இழுவையை முதலில் சரிசெய்து, ஆறாவது பிஸ்டனை எரிதல் வீச்சின் உச்சியில் நிறுத்தி, ஒவ்வொரு கேம் ஷாஃப்டின் முன்நுனியிலும் உள்ள காடியில் இசைவு பார்க்கும் கேஜ் சரியாக அமர வைத்து, ஸ்ப்ராக்கெட் எனும் செயின் சக்கரத்தின் பல் தகட்டைத் துளைகள் நேர்படும்வரை மாற்றிப் பூட்ட வேண்டும். செயின் கழன்ற நிலையில் கேம் ஷாஃப்டையோ கிராங்க் ஷாஃப்டையோ மனம்போல் சுற்றினால் வால்வும் வால்வும், அல்லது வால்வும் பிஸ்டனும் மோதி வால்வு வளையும். இவ்வெச்சரிக்கையில் 'இசைவு குலைந்த நிலை' என்று எழுத முடிவது இச்சொல்லுக்குக் கிடைக்கும் கூடுதல் வசதி.

கேம், வால்வு, ஷிம் ஆகியவற்றை இப்போதைக்கு அப்படியே விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். கேமில் மூக்கு நீங்கலாக உள்ள வட்டப் பகுதிக்கு மட்டும் ஒரு சொல் தேவைப்படுகிறது. விடுவெளியை அங்கேதான் அளக்கிறோம். 'அடிவட்டம்' என்று எழுதிவருகிறேன். ஆட்சேபம் இருந்தால் தெரிவியுங்கள்.