அதிபர் தேர்தலும் அயல்நாடுகள் மீதான பிரெஞ்சு மனமும்

குழு: முத்தியால்பேட்டை உறவுகள்

கதிர் (சென்னை), மாலை 6.40
பெரியப்பா, வணக்கம். அலுவலக நண்பர் ஒருவர் இன்று ஒரு செய்தியைப் பகிர்ந்தார். பிரெஞ்சுக்காரர்களுக்கு இயல்பிலேயே அமெரிக்காவைப் பிடிக்காது என்றும், அதனால் அங்கே யார் அதிபராக வந்தாலும் வாஷிங்டனுக்கு எதிராகத்தான் நிற்பார் என்றும் அதில் எழுதியிருக்கிறது. 2003-இல் ஈராக் போரை பிரான்ஸ் எதிர்த்ததைச் சான்றாகக் காட்டுகிறார்கள். நம் வீட்டில் பாதிப்பேர் பிரெஞ்சு வாக்காளர்கள் என்பதால் உங்களிடமே கேட்கிறேன். இது உண்மையா?

பெரியப்பா (புதுச்சேரி), மாலை 7.05
உண்மை இல்லை, கதிர். அவர்கள் காட்டும் சான்றையே எடுத்துக்கொள்வோம். 2003 பிப்ரவரி 14 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவையில் பிரான்ஸின் வெளியுறவு அமைச்சர் தொமினிக் தெ வில்பன் போருக்கு எதிராகப் பேசினார். எல்லோரும் நினைவில் வைத்திருக்கும் அந்த உரையின் முடிவில், அமெரிக்காவிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் வந்து போராடிய விடுதலை வீரர்களுக்குத் தன் நாடு பட்டிருக்கும் கடனை மறக்கவில்லை என்றும் அவர் சொன்னார். பகிரப்படும் செய்திகளில் இந்தப் பகுதி வருவதே இல்லை.

அப்போது அதிபராக இருந்த ஷிராக், 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு ஒரு வாரத்துக்குள் வாஷிங்டன் சென்று ஆறுதல் சொன்னவர். அடுத்து ஆப்கானிஸ்தானுக்கும் பிரெஞ்சுப் படைகள் போயின. 1991 வளைகுடாப் போரில் அன்றைய அதிபர் மித்தரான் அமெரிக்காவுடன் சேர்ந்து படை அனுப்பினார். இன்னும் பின்னே போனால், 1962-இல் கியூபா ஏவுகணை நெருக்கடியின்போது கென்னடிக்குத் தயக்கமின்றித் துணை நின்றவர்களுள் அன்றைய பிரெஞ்சு அதிபர் தெ கோலும் ஒருவர். அதே தெ கோல்தான் 1966-இல் நேட்டோவின் கூட்டுப் படைத் தலைமையிலிருந்து பிரான்ஸை விலக்கினார். மறு ஆண்டே நேட்டோவின் தலைமையகம் பாரிஸை விட்டு பிரஸ்ஸல்ஸுக்குப் போனது. ஆபத்தில் கூட நிற்பேன், ஆனால் என் படைக்கு நீ கட்டளையிட முடியாது என்பதுதான் அந்த நிலைப்பாடு. இதை வெறுப்பு என்று எழுதுபவர்கள் பாதி வரலாற்றைத்தான் படித்திருக்கிறார்கள்.

அந்துவான் மாமா (துலூஸ்), இரவு 7.31
அத்தான் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் 2009-இல் அதிபர் சர்கோசி மீண்டும் அந்தக் கூட்டுத் தலைமைக்குள் பிரான்ஸைக் கொண்டுபோனதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. திரும்பிப் போனதால் நமக்குக் கிடைத்த மதிப்பு என்ன என்பதை 2021 செப்டம்பரில் பார்த்தோம். பிரான்ஸிடம் பன்னிரண்டு நீர்மூழ்கிக் கப்பல்கள் வாங்க ஒப்புக்கொண்டிருந்த ஆஸ்திரேலியா, அமெரிக்காவுடனும் பிரிட்டனுடனும் தனியாகப் பேசி முடித்துவிட்டு அந்த ஒப்பந்தத்தைக் கைவிட்டது. நட்பு நாடு என்று சொல்லிக்கொண்டே நம்மைக் கடைசி நேரம் வரை இருட்டில் வைத்திருந்தார்கள். வாஷிங்டனிலிருந்து பிரெஞ்சுத் தூதரை மக்ரோன் திரும்ப அழைத்தது அதற்கு முன் நடந்திராத செயல்.

பெரியப்பா, இரவு 7.44
உன் கோபம் நியாயமானது, அந்துவான். ஆனாலும் தூதர் சில வாரங்களில் வாஷிங்டனுக்குத் திரும்பிவிட்டார். அந்த ஆண்டு அக்டோபரில் ரோமில் மக்ரோனைச் சந்தித்த பைடன், தங்கள் தரப்பில் காரியம் பக்குவமில்லாமல் நடந்துவிட்டதாக ஒப்புக்கொண்டார். கூட்டுத் தலைமைக்கு வெளியே இருந்திருந்தால் அந்த ஒப்பந்தம் பிழைத்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. இதில் நம் இருவருக்கும் உடன்பாடு வராது, அது இருக்கட்டும்.

கதிர், இரவு 7.52
அப்படியானால் ஒரு நாட்டைப் பற்றிய மக்களின் எண்ணத்தை அதிபர்தான் உருவாக்குகிறாரா, இல்லை மக்களின் எண்ணத்துக்கு ஏற்ப அதிபர் பேசுகிறாரா?

செலின் (லியோன்), இரவு 8.10
கதிர், இரண்டும் நடக்கிறது. எந்த நாடு என்பதைப் பொறுத்து மாறுகிறது. ஜெர்மனியைப் பார். 1870, 1914, 1940 என்று மூன்று தலைமுறைகள் போரிட்ட நாடு அது. தெ கோலும் மேற்கு ஜெர்மனியின் தலைவர் அடனாவரும் 1963 சனவரி 22 அன்று எலிசே ஒப்பந்தம் என்ற நட்புறவு உடன்படிக்கையில் கையெழுத்திட்டபோது, ஜெர்மானியர் ஆக்கிரமிப்பை நேரில் கண்டவர்களில் பலர் நடுவயதைக்கூடத் தாண்டியிருக்கவில்லை. அன்றைய மக்கள் மனத்துக்கு ஏற்பப் பேச வேண்டும் என்று அதிபர் நினைத்திருந்தால் அந்தக் கையெழுத்தே விழுந்திருக்காது. அதே ஆண்டில் இரு நாட்டு இளைஞர்களைப் பரிமாறிக்கொள்ளும் அலுவலகம் ஒன்றும் தொடங்கப்பட்டது; என் மகள் போன கோடையில் ஜெர்மானியக் குடும்பம் ஒன்றின் வீட்டில் தங்கிப் படித்தது அதன் வழியாகத்தான். 1984-இல் முதல் உலகப் போரின் வெர்தன் போர்க்களத்தில் மித்தரானும் மேற்கு ஜெர்மனியின் தலைவர் ஹெல்முட் கோலும் கைகோத்து நின்ற படம் இன்றும் பள்ளிப் பாடநூல்களில் இருக்கிறது. இது தலைவர்கள் முன்னே நடக்க, மக்கள் பின்னே வந்த வரலாறு.

அல்ஜீரியாவின் கதை வேறு. 1962 வரை அது பிரான்ஸின் மாவட்டங்களாகவே ஆளப்பட்ட நிலம். அங்கிருந்து அந்த ஆண்டு கப்பலேறி வந்த பல லட்சம் ஐரோப்பியர்கள், பிரெஞ்சுப் படைக்குத் துணைநின்று பிறகு கைவிடப்பட்ட அர்க்கிகள், கட்டாயச் சேவையில் அந்தப் போருக்கு அனுப்பப்பட்ட இளைஞர்கள், வேலை தேடி வந்த அல்ஜீரியத் தொழிலாளர்கள், இவர்கள் எல்லோருடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று ஒரே தேர்தலில் வாக்களிக்கிறார்கள். ஆகையால் அல்ஜீரியாவைப் பற்றி ஒரு வேட்பாளர் பேசுவது வெளியுறவைப் பற்றிய பேச்சாக இங்கே யார் காதிலும் விழுவதில்லை. நான் பாடம் நடத்தும் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைப் பற்றிய பேச்சாகத்தான் விழுகிறது.

மக்ரோன் ஒருவரையே எடுத்துக்கொள். 2017 பிப்ரவரியில் வேட்பாளராக அல்ஜியர்ஸ் சென்றபோது, காலனியாட்சி மானுடத்துக்கு எதிரான குற்றம் என்று சொன்னார். அடுத்த தேர்தலுக்கு ஆறு மாதம் இருக்கும்போது, 2021 இலையுதிர்காலத்தில், பிரெஞ்சு ஆட்சிக்கு முன் அல்ஜீரிய தேசம் என்று ஒன்று இருந்ததா என்று அவர் கேட்டதாகச் செய்தி வந்தது. அல்ஜீரியா தன் தூதரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. 2024 சூலையில் மேற்கு சகாரா விவகாரத்தில், அல்ஜீரியா எதிர்க்கும் மொரோக்கோவின் திட்டத்தை அவர் ஆதரித்ததும் அல்ஜீரியத் தூதர் மறுபடியும் திரும்ப அழைக்கப்பட்டார். மனிதர் ஒருவர்தான், எதிரே இருந்த வாக்காளர்கள் மாறிக்கொண்டிருந்தார்கள். எனக்கு இது வருத்தமாக இருக்கிறது.

பெரியம்மா (புதுச்சேரி), இரவு 8.26
செலின், 1968-ஆம் ஆண்டு ஒப்பந்தம் என்று தொலைக்காட்சியில் அடிக்கடி சொல்கிறார்களே, அது என்னம்மா?

செலின், இரவு 8.34
அம்மா, அல்ஜீரியர்கள் பிரான்ஸில் வந்து தங்குவதற்கும் வேலை செய்வதற்கும் தனி விதிகளை வகுக்கும் ஒப்பந்தம் அது. பிரெஞ்சுத் தொழிற்சாலைகளுக்கு ஆள் தேவைப்பட்ட காலத்தில் கையெழுத்தானது. அதை ரத்துசெய்ய வேண்டும் என்று மரீன் லூ பென்னின் தீவிர வலதுசாரிக் கட்சியான தேசியப் பேரணி கொண்டுவந்த தீர்மானம், 2025 அக்டோபர் 30 அன்று நாடாளுமன்றத்தின் கீழவையான தேசிய அவையில் 185-க்கு 184 என்று ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறியது. அரசைக் கட்டுப்படுத்தாத தீர்மானம்தான் என்றாலும், அந்தக் கட்சியின் தீர்மானத்துக்கு மரபான வலதுசாரிகளும், மக்ரோனின் முதல் பிரதமரான எதுவார் பிலிப்பின் கட்சியினரும் வாக்களித்தார்கள் என்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. 2027 தேர்தலுக்கான பேச்சு அன்றே தொடங்கிவிட்டது.

கதிர், இரவு 8.41
ரஷ்யாவைப் பற்றியும் கேட்க வேண்டும், அக்கா. உக்ரைன் மீது படையெடுப்பு நடந்த இரண்டே மாதங்களில் 2022 தேர்தல் வந்தது. புதினுடன் நெருக்கம் காட்டியவர் என்று எல்லோரும் அறிந்த லூ பென்னுக்கு இரண்டாம் சுற்றில் எப்படி 41.45 விழுக்காடு கிடைத்தது?

பெரியப்பா, இரவு 8.58
இதற்கு நான் பதில் சொல்கிறேன். 2014-இல் அவருடைய கட்சி ரஷ்யத் தொடர்புள்ள வங்கி ஒன்றில் கடன் வாங்கியிருந்தது; 2017 மார்ச்சில் மாஸ்கோ சென்று புதினைச் சந்தித்தார். இரண்டாம் சுற்றுக்கு முந்தைய தொலைக்காட்சி விவாதத்தில், ரஷ்யாவைப் பற்றிப் பேசும்போது நீங்கள் உங்கள் வங்கிக்காரரிடம் பேசுகிறீர்கள் என்று மக்ரோன் அவர் முகத்துக்கு நேரே சொன்னார். ஆனால் லூ பென் அந்தப் படையெடுப்பைக் கண்டித்துவிட்டு, தேர்தல் முழுவதும் எரிபொருள் விலையையும் மாதக் கடைசியில் கையில் மிஞ்சும் பணத்தையும் பற்றியே பேசினார். அவருக்கு வாக்களித்தவர்களில் பெரும்பாலோர் புதினுக்காக வாக்களிக்கவில்லை. சமையலறைக்குள் வராத அயல்நாடு வாக்குப்பெட்டிக்குள்ளும் வராது. இது எனக்கு மகிழ்ச்சி தரும் முடிவு இல்லை, ஆனால் நான் கண்டது இதுதான்.

2005-இல் போலந்து அப்படித்தான் வாக்குப்பெட்டிக்குள் வந்தது. ஐரோப்பிய அரசியலமைப்பு ஒப்பந்தத்தை ஷிராக் மக்கள் வாக்கெடுப்புக்கு விட்டபோது, குறைந்த கூலிக்கு வந்து உள்ளூர்க்காரரின் வேலையைப் பறிக்கப்போகும் "போலந்துக் குழாய்ப் பணியாளர்" என்ற உருவத்தை எதிர்ப்பாளர்கள் ஊரெங்கும் உலவவிட்டார்கள். மே 29 அன்று 54.67 விழுக்காட்டினர் வேண்டாம் என்றார்கள். போலந்தின் சுற்றுலா அலுவலகம் கட்டழகான ஒரு குழாய்ப் பணியாளரின் படத்தை விளம்பரமாக்கி, நான் போலந்திலேயே இருக்கிறேன், நீங்கள் வாருங்கள் என்று கண்ணியமாகப் பதில் சொன்னது. அதற்குப் பிறகு நடந்ததுதான் இன்றும் புண்ணாக இருக்கிறது. 2008-இல் சர்கோசி, ஏறக்குறைய அதே சாரத்தைக் கொண்ட லிஸ்பன் ஒப்பந்தத்தை மக்களிடம் கேட்காமல் நாடாளுமன்றத்தின் வழியாக நிறைவேற்றினார். போலந்து மீது இருந்த அச்சம் தணிந்துவிட்டது. கேட்டுவிட்டு மதிக்கவில்லை என்ற மனக்குறை தணியவில்லை.

பெரியம்மா, இரவு 9.06
எனக்கு நம் பிள்ளைகளைப் பற்றித்தான் கவலை. 2024-இல் தேசியப் பேரணிக் கட்சியின் பர்தெல்லா, இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களுக்கு அரசின் மிக முக்கியமான பதவிகளைத் தரக்கூடாது என்று பேசினாரே. நம்மையும் அந்தக் கணக்கில்தானே சேர்ப்பார்கள்?

பெரியப்பா, இரவு 9.15
சட்டப்படி சேர்க்க முடியாது. பிரான்ஸ் புதுச்சேரியை இந்தியாவிடம் ஒப்படைத்த, 1956-இல் கையெழுத்தாகி 1962 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தின்படி, நம் பெற்றோர் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்தபோதே இந்தியக் குடியுரிமை இல்லாமல் போயிற்று. இந்தியா இரட்டைக் குடியுரிமையை அனுமதிப்பதில்லை. இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்களுக்குத் தரப்படும் ஓ.சி.ஐ. அட்டை நம்மிடம் இருந்தாலும் அது குடியுரிமை ஆகாது. ஆனால் சட்டத்தில் இல்லாத சந்தேகம் பார்வையில் வந்துவிடும் என்ற உன் அச்சத்தை நான் மறுக்கமாட்டேன். பெயரையும் நிறத்தையும் பார்க்கும் ஒருவர் ஓ.சி.ஐ. அட்டையின் சட்ட விளக்கத்தைக் கேட்டுக்கொண்டு நிற்கமாட்டார்.

அந்துவான் மாமா, இரவு 9.38
அக்கா, படையில் இருந்த காலத்தில் என்னைச் சந்தேகமாகப் பார்த்தவர் யாருமில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். எண்பதுகளில் நான் சாடு நாட்டில் பணியாற்றியவன். 2025 சனவரியில் அங்கிருந்த கடைசித் தளத்தையும் பிரான்ஸ் ஒப்படைத்துவிட்டு வந்ததைப் பார்த்தபோது, அந்த மக்கள் நம்மை வெறுத்துவிட்டார்கள் என்று இங்கே பலர் பேசினார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. 2013-இல் மாலியின் திம்புக்துவுக்கு அதிபர் ஹொலாந்த் போனபோது தெருவெல்லாம் கூடி அவரை வரவேற்றவர்களும் அதே பகுதி மக்கள்தான். 2020 சனவரியில், சகாராவுக்குத் தெற்கே உள்ள ஐந்து சாஹேல் நாடுகளின் தலைவர்களையும் பிரான்ஸின் போ (Pau) நகருக்கு மக்ரோன் அழைத்த விதம், விருந்தினரை அழைப்பதாக இல்லாமல் கீழே உள்ளவர்களை விளக்கம் கேட்க அழைப்பதாக அங்கே உணரப்பட்டது. 2022 ஆகஸ்டில் மாலியிலிருந்தும், 2023 டிசம்பரில் நைஜரிலிருந்தும் படைகள் வெளியேறின. இறந்துபோன வீரர்களின் குடும்பங்களுக்கு இதை யார் விளக்குவது?

இவ்வளவும் ஒரே மனிதரின் முடிவில் நடப்பதுதான் என்னை உறுத்துகிறது. அரசியலமைப்பின் 35-ஆவது பிரிவின்படி படை போன பிறகு மூன்று நாள்களுக்குள் நாடாளுமன்றத்துக்குத் தெரிவித்தால் போதும். நான்கு மாதங்களைத் தாண்டினால்தான் வாக்கெடுப்பு. 2013 ஏப்ரலில் மாலியில் படை நடவடிக்கையை நீட்டிக்கத் தேசிய அவையில் வாக்கெடுப்பு நடந்தபோது ஒருவர்கூட எதிர்த்து வாக்களிக்கவில்லை. களத்தில் நிற்கும் வீரர்களைக் கைவிடுவதாக யார்தான் பெயரெடுக்க விரும்புவார்கள்? படை கிளம்பும் முன்பே அவையைக் கேட்க வேண்டும் என்று 2027-இல் எந்த வேட்பாளராவது எழுதிக்கொடுத்தால், அவர் எந்தக் கட்சி என்று பார்க்காமல் முதல் சுற்றில் என் வாக்கை அவருக்குத் தருவேன்.

செலின், இரவு 9.50
எந்தக் கட்சி என்று பார்க்காமல் என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியாது, மாமா. அல்ஜீரியர்களைப் பற்றி அவர் என்ன சொல்கிறார் என்பதை நான் பார்த்தே தீருவேன்.

அந்துவான் மாமா, இரவு 9.57
சரியம்மா. அதையும் பார்த்துவிட்டே போடுகிறேன்.